‘இயற்கைச் சுவையூட்டி’: இரண்டு சொற்களும் நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும்

கடந்த றமழானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, பக்கத்துத் தெருவில் வசிக்கும் சகோதரி ஒருவர் முன் விறாந்தையில் என் மனைவியோடு அமர்ந்திருந்தார். கையில் இரண்டு சிறிய போத்தல்கள். கண்கள் கலங்கியிருந்தன.

கணவரை இழந்த பின் வீட்டிலிருந்து கேக் செய்து விற்றே மூன்று பிள்ளைகளையும் படிக்க வைப்பவர் அவர். நோன்புப் பெருநாள் வருமானம்தான் அவருக்கு ஆண்டின் பெரிய வருமானம். அந்த வாரம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. வனிலா எசன்ஸ் மிருகத்தின் பின்பகுதிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுகிறது, ‘நெச்சுரல் ஃபிளேவர்’ என்று எழுதியிருந்தால் அதில் பன்றியும் இருக்கும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று யாரோ ஒருவர் அழுத்தமான குரலில் பேசியிருந்தார். இரண்டு நாட்களுக்குள் அந்தச் சகோதரிக்கு வந்திருந்த கேக் ஓடர்களில் பாதி ரத்தாகிவிட்டது.

“சேர், நீங்க கெமிஸ்ட்ரி படிப்பிச்ச ஆள். இதுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க. ஹராம் எண்டா இண்டைக்கே நிப்பாட்டுறன். இல்லாட்டி இல்ல எண்டு நாலு பேருக்குச் சொல்லித் தாங்க” என்றார்.

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள பாடசாலைகளில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்தவன் நான். எசுத்தர்களைப் பற்றிப் படிப்பிக்கும்போது வாழைப்பழ வாசனையை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்கிக் காட்டியிருக்கிறேன். ஆயினும் அன்றிரவு என்னால் அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு போத்தலில் ‘செயற்கை வனிலாச் சுவையூட்டி’ என்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மற்றதில் ‘இயற்கைச் சுவையூட்டி’ என்றிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நான் தேடிப் படித்து விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். நான் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதியுடையவன் அல்ல. அது உலமாக்களின் பணி. அவர்கள் தீர்ப்புச் சொல்வதற்கும் நாம் கேள்வி கேட்பதற்கும் முன்னர் தெரிந்திருக்க வேண்டிய பொருளின் தன்மையை விளக்குவது மட்டுமே என் நோக்கம்.

சுவையூட்டி என்றால் என்ன?

பக்கட்டில் வரும் உணவு தொழிற்சாலையில் சூடாக்கப்படும்போதும் உலர்த்தப்படும்போதும் அதன் மணத்தில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். இழந்த மணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், இல்லாத மணத்தை உண்டாக்கவும் சேர்க்கப்படுவதே சுவையூட்டி. மிகச் சிறிய அளவே போதும். ஒரு கேக்குக்கு ஒரு தேக்கரண்டி எசன்ஸ் விடுகிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

உணவு நியமங்களுக்கான சர்வதேச அமைப்பான கோடெக்ஸின் பெயரிடல் நியமம் சுவையூட்டிகளை மூன்று அடைமொழிகளால் குறிக்க இடம் தருகிறது: இயற்கை, இயற்கையை ஒத்தது, செயற்கை. கடைகளில் உள்ள பிஸ்கட், நூடில்ஸ், குளிர்பானப் பக்கட்டுகளில் நாம் இந்தச் சொற்களைக் காண்பது இதனால்தான்.

மூன்றையும் விளங்கிக்கொள்ள வனிலாவே நல்ல உதாரணம். வனிலா என்பது மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு கொடியின் காய். அதைப் பறித்துப் பதப்படுத்தினால் வனிலின் என்ற பொருள் உருவாகிறது. அந்த மணத்துக்கு முதன்மைக் காரணம் இதுவே. 1858 இல் பிரான்ஸைச் சேர்ந்த கோப்லே இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1874 இல் ஜேர்மனியின் டீமான், ஹார்மான் என்ற இருவர் ஊசியிலை மரத்திலிருந்து கிடைத்த ஒரு பொருளைக் கொண்டு இதே வனிலினை ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினர். இன்று உலகில் பயன்படும் வனிலினில் வனிலாக் காயிலிருந்து வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு. மிகுதியில் பெரும்பகுதி பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து தயாராகிறது. ஒரு பகுதி மரத்திலுள்ள லிக்னினிலிருந்து வருகிறது.

இன்னொரு வழியும் உண்டு. அரிசித் தவிட்டிலிருந்து பெரூலிக் அமிலத்தைப் பிரித்து, அதை நுண்ணுயிர்களுக்கு உணவாகக் கொடுத்தால் அவை வனிலினை உண்டாக்கும். இந்த வனிலின் எந்த வனிலாக் கொடியையும் கண்டதில்லை. ஆனாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதை ‘இயற்கையான வனிலின்’ என்று விற்கச் சட்டம் இடம் தருகிறது. மூலப்பொருள் தாவரம், மாற்றியது ஓர் உயிரி என்பதே காரணம்.

காயிலிருந்து வந்தாலும், தவிட்டிலிருந்து வந்தாலும், பெற்றோலியத்திலிருந்து வந்தாலும் வனிலின் மூலக்கூறு ஒன்றுதான். ஆகவே ‘இயற்கை’ என்ற சொல் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே ஓரளவு சொல்கிறது. அது உடலுக்கு நல்லதா, மார்க்கத்தில் ஆகுமானதா என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை.

இயற்கையானதெல்லாம் நல்லதா?

எமது நாட்டுக் கறுவாவையே எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் இரண்டு விதமான பட்டைகள் விற்கப்படுகின்றன. ஒன்று இலங்கையின் மெல்லிய கறுவா. மற்றது கசியா எனப்படும் தடித்த பட்டை. கசியாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் கணிசமாக உண்டு. இலங்கைக் கறுவாவிலோ அது மிக மிகக் குறைவு. கூமரின் அளவுக்கு மீறினால் சிலருடைய ஈரலைப் பாதிக்கும். அமெரிக்கா 1954 இலேயே கூமரினை உணவில் தனியாகச் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006 இல் கசியா அதிகம் கலந்த பிஸ்கட்டுகள் பற்றி மக்களை எச்சரித்தது. ஐரோப்பாவில் உணவிலுள்ள கூமரினுக்கு உச்ச வரம்பே விதிக்கப்பட்டுள்ளது.

இரண்டுமே மரப்பட்டைகள்தான், இரண்டுமே இயற்கைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ‘செயற்கை’ என்றதும் பயந்து ‘இயற்கை’ என்றதும் நிம்மதியடையும் எமது பழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இந்த ஓர் உதாரணமே போதும்.

குரல் பதிவில் சொன்னது உண்மையா?

பீவர் என்றொரு விலங்கு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நீர்நிலைகளை அண்டி வாழ்கிறது. அதன் வாலடியிலுள்ள பைகளில் காஸ்டோரியம் என்ற வாசனைப் பொருள் உண்டு. முன்னர் வாசனைத் திரவியங்களிலும், சிறிய அளவில் உணவிலும் அது பயன்பட்டது. அமெரிக்கச் சட்டத்தின்படி அதை இன்றும் ‘இயற்கைச் சுவையூட்டி’ என்ற பெயருக்குள் அடக்கலாம். குரல் பதிவில் பேசியவர் பிடித்துக்கொண்டது இந்த நூலிழையைத்தான்.

ஆனால் ஒரு பீவரைப் பிடித்து அதன் பையிலிருந்து சில கிராம் பொருளை எடுப்பதற்கு ஆகும் செலவை யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலை வனிலினோ மிக மலிவு. எமது கடைகளில் சில நூறு ரூபாவுக்கு விற்கும் எசன்ஸ் போத்தலுக்குள் பீவரின் சுரப்பை ஊற்றினால் அந்த வியாபாரி ஒரு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். இன்று உணவில் காஸ்டோரியத்தின் பயன்பாடு மிக மிக அரிது. மேலும் அந்தச் சகோதரி பெருநாள் கேக்குக்குப் பயன்படுத்தியது ‘செயற்கை’ என்று தெளிவாக எழுதப்பட்ட போத்தல். குரல் பதிவு பயமுறுத்தியதோ ‘இயற்கை’ என்று எழுதப்பட்டதைப் பற்றி. ரத்துச் செய்தவர்களில் எவரும் அந்தப் போத்தலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை ஸூறா ஹுஜுறாத்தின் 6 ஆவது வசனம் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஹராத்திலிருந்து தப்புவதாக நினைத்து ஒரு விதவையின் பெருநாளைப் பறித்தவர்கள் அந்த வசனத்தை மறந்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சந்தேகத்துக்கு உண்மையில் இடமிருப்பது எங்கே?

வதந்தி பொய் என்பதற்காக ‘எல்லாமே சரி’ என்று சொல்லிவிட முடியாது. நியாயமாகக் கேட்க வேண்டிய இடங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, இறைச்சிச் சுவைகள். நூடில்ஸ் பக்கட்டில் கோழி மணம் எப்படி வருகிறது? இறைச்சியை வாட்டும்போது அதிலுள்ள அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சேர்ந்து அந்த மணத்தை உண்டாக்குகின்றன. 1912 இல் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விவரித்த தாக்கம் இது. இதே தாக்கத்தைத் தொழிற்சாலையில் பாத்திரத்துக்குள் நடத்தினால் ஒரு கோழிகூட இல்லாமல் கோழி மணத்தைப் பெறலாம். ஆனால் பக்கட்டில் ‘இயற்கைக் கோழிச் சுவையூட்டி’ என்றிருந்தால் அதில் உண்மையான கோழிக் கொழுப்போ கோழிச்சாறோ இருக்க நல்ல வாய்ப்புண்டு. அப்படியானால் அந்தக் கோழி எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி எமக்கு எழுகிறது. இங்கு ‘செயற்கை’ என்பதைவிட ‘இயற்கை’ என்பதே எமக்குக் கூடுதலான கேள்வியை எழுப்புகிறது. இந்த இடத்தில்தான் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள்.

இந்தத் தாக்கத்தில் பெரிதும் பயன்படும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கோழி, தாராச் சிறகுகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது, மனித முடியிலிருந்தும் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இப்போது நுண்ணுயிர் நொதித்தல் மூலமும் தயாராகிறது. மூலம் எது என்பதைத் தயாரிப்பாளர் மட்டுமே சொல்ல முடியும்.

இரண்டாவது, பால் சார்ந்த சுவைகள். சீஸ் மணம், பட்டர் மணம் போன்றவற்றை உருவாக்க நொதியங்கள் உதவுகின்றன. அவை நுண்ணுயிரிலிருந்தும் வரலாம், கன்று போன்ற விலங்குகளின் இரைப்பையிலிருந்தும் வரலாம், பன்றியின் கணையத்திலிருந்தும் வரலாம். பக்கட்டில் ‘சீஸ் சுவையூட்டி’ என்று மட்டுமே இருக்கும்.

மூன்றாவது, சுவையைச் சுமந்து வரும் திரவம். மணப்பொருள்கள் பல நீரில் எளிதாகக் கரையாதவை. ஆகவே அவற்றை எதனோலிலோ, புரொப்பிலீன் கிளைக்கோலிலோ, கிளிசரினிலோ கரைக்கிறார்கள். எதனோல் என்பது மதுசாரம். அமெரிக்கச் சட்டப்படி ‘வனிலா எக்ஸ்ட்ராக்ட்’ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 35 சதவீதம் மதுசாரம் இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டு உறவினர் ‘சுத்தமான, இயற்கையான வனிலா’ என்று ஆசையோடு கொண்டுவந்து தரும் போத்தல் பெரும்பாலும் இதுதான். புரொப்பிலீன் கிளைக்கோலில் கரைத்த மலிவான செயற்கை எசன்ஸில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

உணவில் எஞ்சும் சிறு அளவு மதுசாரம் பற்றி உலமாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசியாவின் தேசிய பத்வாக் குழு 2011 ஜூலையில் கூடி, மதுத் தயாரிப்பிலிருந்து பெறப்படாத மதுசாரம் சுவையூட்டியில் நிலைப்படுத்தலுக்காக இருந்து, அளவு போதை தராததாகவும் இறுதி உணவில் 0.5 சதவீதத்தைத் தாண்டாததாகவும் இருந்தால் ஆகும் என்று முடிவுசெய்தது. இந்தோனேசிய உலமா சபையின் 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க பத்வாவும் பானங்களுக்கு, மது அல்லாத மூலத்திலிருந்து வந்த எதனோல் என்ற நிபந்தனையோடு 0.5 சதவீதத்துக்குக் குறைவான அளவையே எல்லையாக வைத்தது. இரண்டிலும் இரண்டு அளவுகோல்கள் இருப்பதைக் கவனியுங்கள்: மதுசாரம் எங்கிருந்து வந்தது, இறுதியில் எவ்வளவு எஞ்சியது. பாணிலும் வினாகிரியிலும் நன்கு கனிந்த பழத்திலும்கூடச் சொற்ப மதுசாரம் இருக்கவே செய்கிறது. எமது நாட்டில் இதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை எமது உலமாக்களிடமே கேட்டறிய வேண்டும்.

நான்காவது, நுண்ணுயிர் வளர்ப்பு. மேலே சொன்ன அரிசித் தவிட்டு வனிலினை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வளர்வதற்கு ஊட்டப்பொருள் தேவை. இந்த ஊட்டப்பொருளும் ஹலால் விடயத்தில் பிரச்சினையாகலாம் என்பதை 2000 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தோனேசியா உலகுக்குக் காட்டியது. அங்கு தயாரான அஜினோமோட்டோ சுவை உப்பில் பன்றியின் எந்தப் பகுதியும் இல்லை. ஆனால் அதை உற்பத்தி செய்யும் பக்டீரியாவின் வளர்ப்பு ஊடகத்துக்கான ஒரு பொருளைத் தயாரிக்கும்போது பன்றியின் கணைய நொதியம் பயன்பட்டிருந்தது. உலமா சபை அதை ஹராம் என அறிவித்தது. 2001 ஜனவரியில் பொருள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அப்போதைய ஜனாதிபதி அப்துர் ரஹ்மான் வாஹிதோ, தானும் ஓர் ஆலிம் என்ற நிலையில், இறுதிப் பொருளில் பன்றி இல்லாததால் அது ஹலால் என்று பகிரங்கமாகக் கூறினார். நிறுவனம் பின்னர் அந்த ஊட்டப்பொருளை மாற்றிக்கொண்டது.

ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்ற இந்த விவாதத்தை எமது சட்டநூல்கள் ‘இஸ்திஹாலா’ என்று அழைக்கின்றன. ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் இதற்கு இடம் விரிவானது. இலங்கையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இடம் குறுகியது. பெரிய ஆலிம்களே கருத்து வேறுபட்ட விடயத்தில், முகம் தெரியாத ஒருவர் இரண்டு நிமிடக் குரல் பதிவில் தீர்ப்புச் சொல்லிவிடுவது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இதையெல்லாம் பக்கட்டில் ஏன் எழுதுவதில்லை?

பக்கட்டில் நிறமூட்டியோ, பதப்படுத்தியோ, குழம்பாக்கியோ இருந்தால் அதன் பெயரையோ சர்வதேச இலக்கத்தையோ எழுத வேண்டும் என்பது கோடெக்ஸ் நியமம். அதனால்தான் 120 என்றால் பூச்சியிலிருந்து வரும் சிவப்பு நிறம், 471 என்றால் தாவரக் கொழுப்பாகவோ விலங்குக் கொழுப்பாகவோ இருக்கக்கூடிய குழம்பாக்கி என்று எமது பிள்ளைகள்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஜெலட்டின் இருந்தால் அதுவும் பெயரோடு வரும்.

சுவையூட்டிக்கு மட்டும் இந்த விதி இல்லை. ‘சுவையூட்டி’ என்ற பொதுப்பெயர் போதும். ஒரு ஸ்ட்ரோபெரிச் சுவையில் பல பத்து மணப்பொருள்கள் இருக்கலாம். அந்தக் கலவை நிறுவனத்தின் வியாபார இரகசியம். எமது வீடுகளில் கறித்தூள் வறுக்கும் கைப்பக்குவத்தை உம்மாமார் சொல்லித் தராதது போலத்தான், ஆனால் இங்கு பின்னால் நிற்பது கோடிக்கணக்கான பணம். சுவையூட்டியைச் சுமந்து வந்த கரைப்பானும் இறுதி உணவில் தனக்கென வேலை எதுவும் செய்யாத அளவில் இருந்தால் பட்டியலில் வர வேண்டியதில்லை.

ஆகவே நாம் எவ்வளவு கூர்ந்து வாசித்தாலும் அந்த இரண்டு சொற்களுக்கு அப்பால் பக்கட்டில் எதுவும் கிடைக்காது. அதற்கு அப்பால் போக வேண்டுமானால் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும், அல்லது எமக்காக யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ஹலால் சான்றிதழ் செய்யும் வேலை

எமக்காகக் கேட்கும் அந்த வேலையைத்தான் ஹலால் சான்றிதழ் செய்கிறது. சான்றளிப்பவர்கள் பக்கட்டை வாசிப்பதோடு நிற்பதில்லை. தொழிற்சாலைக்குச் சென்று, சுவையூட்டியை வழங்கும் நிறுவனத்திடமிருந்து அதன் மூலம், கரைப்பான், நொதியம் பற்றிய ஆவணங்களைப் பெறுகிறார்கள். வியாபார இரகசியம் வெளியே போகாது, நுகர்வோரின் சந்தேகமும் தீரும்.

இந்த நாட்டில் அந்தச் சிறிய இலச்சினை என்ன பாடுபட்டது என்பதை நாம் மறக்கவில்லை. 2013 பெப்ரவரியில் மகரகமவில் நடந்த கூட்டத்தில் பொது பல சேனா ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கொடி தூக்கியது. நாட்டின் அமைதியைக் கருத்திற்கொண்டு அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அதே ஆண்டு மார்ச் 11 ஆம் திகதி உள்ளூர்ச் சந்தைக்கான பொருள்களிலிருந்து இலச்சினையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. பின்னர் சான்றளிக்கும் பணியை ஹலால் எக்ரெடிடேசன் கவுன்ஸில் என்ற தனி நிறுவனம் பொறுப்பேற்றது.

அன்று பலர் எம்மிடம் கேட்ட கேள்வி, ‘ஒரு பிஸ்கட்டுக்கு எதற்கு ஹலால்?’ என்பது. எமது பக்கத்தில் பலரால் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ‘சுவையூட்டி’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை விடயங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன என்று எடுத்துச் சொல்லியிருந்தால் நியாயமுள்ள எந்தச் சிங்களச் சகோதரருக்கும் தமிழ்ச் சகோதரருக்கும் அது விளங்கியிருக்கும். மாட்டிறைச்சி உண்ணாத ஓர் இந்து அன்பருக்கும், மரக்கறி மட்டும் உண்ணும் ஒரு பௌத்தருக்கும் இதே கேள்வி இருக்கிறதே! இது அனைவருக்குமான நுகர்வோர் உரிமை.

நோயாளியின் கேள்வியும் இதுதான்

மார்க்கத்தை ஒருபுறம் வையுங்கள். வாவி இறால் எமது பிரதேசத்தின் பெருமை. ஆனால் இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். என் பேரன் அப்படிப்பட்டவன். ஒருமுறை பொரித்த நொறுக்குத்தீனிப் பக்கட் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. பக்கட்டில் கடலுணவுச் சுவை என்று முன்பக்கம் அழகாகப் போட்டிருந்தார்கள். உட்பொருள் பட்டியலில் ‘சுவையூட்டி’ என்று மட்டும் இருந்தது. அதில் உண்மையான இறால் இருந்ததா என்று தெரிந்துகொள்ள எமக்கு வழியிருக்கவில்லை.

நண்டு, இறால் போன்றவை, மீன், முட்டை, பால், நிலக்கடலை, கோதுமை, மரக்கொட்டைகள் ஆகியவை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சுவையூட்டிக்குள்ளேயே இருந்தாலும் கட்டாயம் குறிப்பிடப்பட வேண்டும் என்பதே கோடெக்ஸ் நியமம். இப்படியான பிள்ளை உள்ள வீட்டார் அந்த எச்சரிக்கை வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். வரி இல்லையென்றால், சந்தேகமுள்ள சுவையைத் தவிர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

நாம் என்ன செய்யலாம்?

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்.

1. இந்தச் சுவையூட்டியின் மூலம் தாவரமா, விலங்கா, நுண்ணுயிரா, தொழிற்சாலையில் தொகுக்கப்பட்டதா? விலங்கு எனில் எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது?

2. அது எதில் கரைக்கப்பட்டுள்ளது? மதுசாரம் எனில் அது எந்த மூலத்திலிருந்து வந்தது, இறுதி உணவில் எவ்வளவு எஞ்சுகிறது?

3. தயாரிப்பில் நொதியமோ நுண்ணுயிரோ பயன்பட்டதா? ஆம் எனில் நொதியமும் வளர்ப்பு ஊடகமும் எதிலிருந்து வந்தவை?

பக்கட்டில் உற்பத்தியாளரின் அல்லது இறக்குமதியாளரின் முகவரி இருக்கும். இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் அனுப்புங்கள். பதிலும் எழுத்திலேயே வர வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பதிலை ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். பொருளின் தன்மையைச் சொல்வது ஒருவர், சட்டத்தைச் சொல்வது இன்னொருவர் என்ற ஒழுங்கு குலையாமல் இருக்க இதுவே வழி.

பெயரிடலில் பிழையோ மறைப்போ இருந்தால் அது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வரும் விடயம். உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பக்கட்டோடு சென்று முறையிடலாம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் நிறுவனங்கள் இன்னும் விரைவாகப் பதில் தரும். தனி ஒருவரின் கடிதத்தைவிட ஓர் ஊரின் கடிதத்துக்குப் பலம் அதிகம்.

வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மொத்தமாக எசன்ஸ் வாங்கிச் சிறு போத்தல்களில் நிரப்பி விற்பவர்கள், மூலப் போத்தலின் லேபலில் இருந்த விபரத்தைத் தங்கள் லேபலிலும் போடுங்கள். ‘ஹலால்’ என்று நீங்களே ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொள்வது சான்றிதழ் ஆகாது. அது வாங்குபவரின் நம்பிக்கையோடு விளையாடுவதாகவே முடியும்.

ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையே பலரும் அறியாத சந்தேகமானவை உள்ளன, அவற்றைத் தவிர்ந்தவர் தன் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்திலான நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பேணுதல் முதலில் எமது சொந்த வாய்க்குரியது. அடுத்தவரின் வியாபாரத்தை உடைக்கும் ஆயுதமாக அதை மாற்றிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் நான் விலகிக்கொள்ளலாம். உறுதிப்படுத்தாமல் ‘ஹராம்’ என்று ஊருக்கு அறிவிக்க எனக்கு உரிமையில்லை.

அந்தச் சகோதரியின் இரண்டு போத்தல்களுக்கும் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். பெருநாளைக்கு மறுநாள் அவரும் நானும் அமர்ந்து இரண்டு நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதினோம். செயற்கை வனிலாவைச் செய்யும் நிறுவனம் மூன்று வாரத்தில் பதில் அனுப்பியது. வனிலின் தொழிற்சாலையில் தொகுக்கப்பட்டது, கரைப்பான் புரொப்பிலீன் கிளைக்கோல், விலங்குப் பொருளோ மதுசாரமோ இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எங்கள் மௌலவியிடம் காட்டினோம். அவர் வாசித்துவிட்டு, தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்றார். ‘இயற்கை’ என்று எழுதிய மற்றப் போத்தலின் நிறுவனத்திடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. அதை அவர் ஒதுக்கி வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஏலக்காயும் சாதிக்காயும் போடுகிறார், வட்டிலப்பத்துக்குப் போடுவது போல.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஓடர் கொடுக்க வந்தவர்களுக்கு அவர் அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டினார். சிலர் வாசித்தார்கள். சிலர் வாசிக்காமலே வெட்கத்தோடு சிரித்துவிட்டு ஓடரைச் சொன்னார்கள். அந்தக் குரல் பதிவை அனுப்பிய பத்துப் பேரில் ஒருவராவது அதைத் திருத்தி இன்னொரு பதிவு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்த முறை அப்படி ஒன்று உங்கள் கைபேசிக்கு வந்தால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பக்கட்டைத் திருப்பிப் பாருங்கள், இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எமது உணவையும் எமது நாவையும் ஒருசேரப் பேணிக்கொள்ள அல்லாஹ் எமக்குத் துணை புரிவானாக.